லாரிக்குள்ளே எத்தனை டிகிரி? சென்சார் டேக்குக்குத் தெரியும்... விவசாயிக்கும் உங்களுக்கும் எப்போ தெரியும்?

ராத்திரி 11 மணி. ஆப்பில் ஆர்டர் போட்ட ஐஸ்கிரீம் பத்தே நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. டப்பாவைத் தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கிறது. ஆனால், மூடியைத் திறந்து ஸ்பூனை விட்டால் 'நறநற'வென்று ஐஸ் துகள்கள். ஒரு பக்கம் குழி விழுந்து, மறுபக்கம் சாய்ந்தபடி உறைந்து கிடக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், காலாவதி ஆக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது!

என்ன நடந்திருக்கும்? அந்த ஐஸ்கிரீம் வரும் வழியில் எங்கேயோ இளகி, மறுபடி உறைந்திருக்கிறது. அது லாரியிலா, குடோனிலா, கடை ஃப்ரீசரிலா? டெலிவரி கொண்டுவந்த தம்பிக்குத் தெரியாது. கஸ்டமர் கேருக்கும் தெரியாது. 'மன்னிக்கவும், பணம் திருப்பி அனுப்பப்படும்' என்று ஒரு மெசேஜ். அத்தோடு முடிந்தது.

ஐஸ்கிரீம் என்றால் நூறு, இருநூறு ரூபாயோடு போச்சு. இதே கேள்வி மீனுக்கு வந்தால்? பாலுக்கு வந்தால்? குழந்தைக்குப் போடும் தடுப்பூசிக்கு வந்தால்? ஒரு லாரி காய்கறியை 'தரம் சரியில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பும்போது, அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் சென்சார் டேக் வந்திருக்கிறது. தொழில்நுட்பம் தயார். ஆனால், அது சொல்லும் பதில் யார் காதில் விழுகிறது என்பதில்தான் சிக்கல். விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன சென்சார் டேக்?

சுருக்கமாகச் சொன்னால், சரக்கோடு சேர்ந்து பயணம் செய்யும் ஒரு தெர்மாமீட்டர். ஆனால், சாதாரண தெர்மாமீட்டர் 'இப்போ எத்தனை டிகிரி' என்று மட்டும் சொல்லும். டேக், 'வழி முழுக்க எத்தனை டிகிரி இருந்தது' என்று நினைவில் வைத்துச் சொல்லும். இதில் நான்கு வகைகள் அதிகமாகப் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வகை, வெறும் ஸ்டிக்கர். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. வெப்பம் படப் பட நிறம் மாறும் ரசாயனம் மட்டும்தான். கண்ணால் பார்த்தாலே போதும்.

இரண்டாவது, டேட்டா லாகர். சின்னப் பெட்டி. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே வரும். போய்ச் சேர்ந்ததும் கம்ப்யூட்டரில் செருகினால், மொத்தப் பயணமும் ஒரு கிராஃபாக விரியும். குறை என்னவென்றால், கெட்டுப்போன பிறகுதான் கெட்டுப்போனது தெரியும்.

மூன்றாவது, ரேடியோ டேக். ஆர்.எஃப்.ஐ.டி., ப்ளூடூத், என்.எஃப்.சி. என்று பல ரகங்கள். ஃபாஸ்டேக் ஒட்டிய கார் டோல்கேட்டைத் தாண்டும்போது, மேலே இருக்கும் கருவி அதைப் படிக்கிறது அல்லவா... அதுவும் ஆர்.எஃப்.ஐ.டி.தான். அதே குடும்பத்தில் சென்சார் சேர்ந்த டேக்குகளும் உண்டு. குடோன் வாசலைத் தாண்டும்போது பெட்டியின் அடையாளத்தோடு வெப்பநிலைக் கணக்கையும் ஒப்பித்துவிடும். என்.எஃப்.சி. டேக் என்றால் செல்போனை அருகே கொண்டுபோனாலே படிக்கலாம்.

நான்காவது, சிம் கார்டும் ஜி.பி.எஸ்ஸும் சேர்ந்த டிராக்கர். லாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே தகவல் அலுவலகத்துக்குப் போய்விடும். எல்லை தாண்டினால் உடனே அலெர்ட். மலைப்பாதையில் சிக்னல் இல்லையா? சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். கொரோனா காலத்தில், கிட்டத்தட்ட மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டியிருந்த ஃபைசர் தடுப்பூசிகளை உலர் பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளில் அனுப்பினார்கள். அந்தப் பெட்டிகளுக்குள் இப்படிப்பட்ட ஜி.பி.எஸ். வெப்ப சென்சார்தான் இருந்தது.

தேதி சொல்லாததை டிகிரி சொல்லும்

காலாவதி தேதி இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே ஒரு நிபந்தனையும் அச்சிட்டிருப்பார்கள்: 'மைனஸ் 18 டிகிரியில் அல்லது அதற்குக் கீழே வைக்கவும்'. நிபந்தனை மீறப்பட்டால் தேதிக்கு அர்த்தமே இல்லை. ஆனால், மீறப்பட்டதா இல்லையா என்று டப்பா சொல்லாது.

காய்கறியும் பழமும் பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கின்றன. சுவாசிக்கின்றன. வெப்பம் ஏற ஏற அந்தச் சுவாசம் வேகமாகிறது. 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு ஆகும் என்பது பொதுவான கணக்கு. இதை வைத்து ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். 5 டிகிரியில் இருக்க வேண்டிய ஒரு காய், 35 டிகிரி வெயிலில் நான்கு மணி நேரம் நிற்கிறது. 30 டிகிரி அதிகம். குறைந்தபட்சக் கணக்கில் எடுத்தாலும் எட்டு மடங்கு வேகம். அதாவது, அந்த நான்கு மணி நேரத்தில் 32 மணி நேர ஆயுள் காலி. பார்க்க அப்படியே பச்சையாகத்தான் இருக்கும். கடைக்குப் போய் மறுநாள்தான் வாடும். அப்போது பழி, கடைக்காரர்மேல் விழும்.

மீனில் விஷயம் இன்னும் சீரியஸ். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்ததும் சரியாகக் குளிர வைக்காவிட்டால், பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உருவாக்கிவிடும். சாப்பிட்டால் முகம் சிவக்கும், அரிக்கும், தலைவலி, வாந்தி வரும். 'நல்லா கொதிக்க வெச்சுட்டா சரியாயிடும்' என்று நினைத்தால் தப்பு. சமைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மறுபடி ஐஸில் வைத்தாலும் உருவானது உருவானதுதான். மீன் இப்போது எவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்பதைவிட, நடுவில் எத்தனை மணி நேரம் ஜில்லென்று இல்லை என்பதுதான் முக்கியம்.

குளிர் அதிகமானால் நல்லதுதானே என்றால், அதுவும் இல்லை. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் கறுக்கும், சரியாகப் பழுக்காது. ஹெபடைட்டிஸ் பி போன்ற சில தடுப்பூசிகள் உறைந்துபோனால் வீரியத்தை இழந்துவிடும். 2 முதல் 8 டிகிரி என்று சொன்னால், 8-ஐத் தாண்டுவது மட்டுமல்ல, 2-க்குக் கீழே இறங்கி உறைவதும் ஆபத்து. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஜாதகம். அதனால்தான் 'ஏ.சி. ஓடிச்சா?' என்ற ஒரே கேள்வி போதாமல், டிகிரி வாரியாகப் பதிவு தேவைப்படுகிறது.

ஒரே லாரி... பல சீதோஷ்ணம்!

ஒரு லாரிக்கு ஒரு சென்சார் போதுமே என்று தோன்றலாம். ஆனால், லாரியின் உள்ளே எல்லா இடமும் ஒரே குளிரில் இருப்பதில்லை. குளிர்காற்று வரும் முன்பக்கம் ஒரு டிகிரி. கதவுப் பக்கம் வேறொரு டிகிரி. ஒவ்வொரு கடையிலும் கதவைத் திறந்து பெட்டி இறக்கும்போது, வெளியே இருக்கும் வெக்கை உள்ளே புகுந்து முதலில் தாக்குவது அந்தப் பின்வரிசையைத்தான். பெட்டிகளைக் கூரை வரை அடுக்கிக் காற்றுக்கு வழி விடாவிட்டால், நடுவில் இருக்கும் பெட்டிக்குக் குளிரே போகாது.

டிரைவர் கேபினில் இருக்கும் டிஸ்பிளே காட்டுவது காற்றின் வெப்பநிலை. காயின் உட்பகுதி எத்தனை டிகிரி என்பது வேறு கணக்கு. சூடான காயை ஏற்றினால் டிஸ்பிளே '4' காட்டும். காயின் உள்ளே 20 இருக்கும். இதற்குக் காரணம், குளிரூட்டப்பட்ட லாரியின் வேலையைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதுதான். அந்த லாரி சரக்கைக் குளிர வைக்கும் ஃப்ரிட்ஜ் அல்ல. ஏற்கெனவே குளிர வைத்த சரக்கை அதே குளிரில் காப்பாற்றிக் கொண்டுபோகும் ஃபிளாஸ்க் மாதிரி. சூடாக ஏற்றினால் சூடு குறைய ரொம்ப நேரம் ஆகும். அதற்குள் பாதி ஆயுள் போய்விடும்.

இன்னொரு தொல்லை, தண்ணீரும் உலோகமும். இரண்டும் ரேடியோ அலைகளைப் படுத்தி எடுக்கும். காய், மீன் எல்லாமே பெரும்பகுதி தண்ணீர். லாரிச் சுவரோ உலோகம். ஆகவே, டேக்கை எங்கே வைக்கிறோம், எத்தனை வைக்கிறோம் என்பதிலேயே பாதி உண்மை அடங்கியிருக்கிறது. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் ஒரே ஒரு டேக்கை வைத்துவிட்டு 'எல்லாம் பச்சை, எல்லாம் ஓகே' என்று ரிப்போர்ட் எடுப்பது ரொம்ப ஈசி.

குடோன் வாசலில் ஒரு சண்டை

ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். நீலகிரியில் விளைந்த ப்ரோக்கோலி, சென்னையில் இருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனுக்கு விடியற்காலையில் வந்து நிற்கிறது. சீலை உடைத்து, டேக்கைப் படிக்கிறார் தரம் பார்க்கும் இளைஞர். கிராஃபில் முதல் சில மணி நேரம் 14 டிகிரி. ப்ரோக்கோலி இருக்க வேண்டியது பூஜ்யத்தை ஒட்டி. மொட்டுகளில் மஞ்சள் தட்ட ஆரம்பித்துவிட்டது.

"ஏ.சி.யை ஒரு நிமிஷம்கூட நிறுத்தல தம்பி. டீசல் பில் பாருங்க" என்கிறார் டிரைவர்.

"நீங்க சொல்றது சரிண்ணே. ஆனா, டேக் இப்படிக் காட்டுதே, நான் என்ன பண்ணட்டும்? ரிஜெக்ட் போட்டுத்தான் ஆகணும்."

ஊட்டியில் இருக்கும் விவசாயிக்குப் போன் போகிறது. "வெட்டி ஏத்தும்போது பச்சைப்பசேல்னுதானே இருந்துச்சு" என்கிறார் அவர். அவரிடம் கிராஃப் இல்லை. கேட்டாலும் கிடைக்காது. 'கழிவு' போக மீதித் தொகை மட்டும் அக்கவுன்ட்டுக்கு வரும்.

இந்தக் காட்சியில் மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். டேக்கும் பொய் சொல்லவில்லை. ஆனால், டேக் பிறந்ததே மேட்டுப்பாளையத்தில்தான். காலை பத்து மணிக்கு மேல் வெட்டி, ரோட்டோரம் குவித்து, தார்ப்பாய் மூடிய பிக்கப் வண்டியில் மலை இறக்கி, அடிவாரத்து வெயிலில் லாரிக்காகக் காத்திருந்த நேரம் எதுவும் அதன் கணக்கில் வரவில்லை. கம்பெனி லாரி தொடங்கும் இடத்தில்தான் பதிவும் தொடங்குகிறது. ஆகவே, கிராஃபில் தெரியும் அந்த 14 டிகிரி, லாரியின் தப்பு மாதிரி தெரிகிறது. நிஜத்தில் அது, வயலுக்கும் லாரிக்கும் நடுவில் குளிர வைக்க ஓர் இடம் இல்லாததன் விளைவு.

காணாமல்போன இடம்

அந்த 'ஓர் இடத்துக்கு'ப் பெயர் பேக் ஹவுஸ். வயலுக்குப் பக்கத்திலேயே காயைத் தரம் பிரித்து, கழுவி, முன்கூட்டியே குளிர வைத்து, லாரியில் ஏற்றும் கூடம். இந்தியாவில் இது எத்தனை இருக்கிறது?

தேசிய குளிர் சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக நாப்கான்ஸ் நிறுவனம் 2015-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டுக்குத் தேவையான பேக் ஹவுஸ்கள் 70,080. இருந்தவை வெறும் 249! தேவையான குளிரூட்டப்பட்ட வாகனங்கள் சுமார் 62,000. இருந்தவை சுமார் 9,000. அதே ஆய்வில், குளிர்பதனக் கிடங்குகள் மட்டும் தேவைக்கு ஏறத்தாழ அருகில் வந்திருந்தன. தேவை சுமார் 3.5 கோடி டன் கொள்ளளவு; இருந்தது கிட்டத்தட்ட 3.2 கோடி டன்.

கணக்கு பத்து வருஷத்துக்கு முந்தையதுதான். ஆனால், அது காட்டும் படம் தெளிவானது. கட்டடத்தில் குளிர் இருக்கிறது. ரோட்டில் குளிர் இல்லை. வயலோரத்தில் சுத்தமாக இல்லை. சங்கிலியின் நடு வளையம் மட்டும் இரும்பு, முதல் வளையம் நூல் என்றால் சங்கிலி எப்படித் தாங்கும்? நாப்கான்ஸ் 2022-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வின்படி, அறுவடையில் தொடங்கிக் கடை வரை போவதற்குள் வீணாகும் அளவு, பழங்களில் ரகத்தைப் பொறுத்து சுமார் 6 முதல் 15 சதவிகிதம். காய்கறிகளில் சுமார் 5 முதல் 12 சதவிகிதம்.

டேக் ஒட்டுவதால் மட்டும் இந்தச் சதவிகிதம் குறைந்துவிடாது. ஐஸ் இல்லாத பெட்டியில் சென்சார் போட்டால், மீன் எத்தனை மணிக்குக் கெட்டது என்று துல்லியமாகத் தெரியும். அவ்ளோதான்.

சரியாகச் செய்த ஒரு ஸ்டிக்கர்

அப்படியென்றால் டேக் வேஸ்ட்டா? இல்லை. இதே தொழில்நுட்பத்தின் ரொம்ப எளிமையான வடிவம் ஒன்று, உலகம் முழுக்க உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போலியோ சொட்டு மருந்துக் குப்பியைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் லேபிளில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஒரு வெளிர்நிறச் சதுரம் இருக்கும். வெப்பம் படப் படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளிர்நிறமாக இருந்தால் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால், அல்லது அதைவிடக் கறுத்துவிட்டால், தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒருமுறை கறுத்த சதுரம் மறுபடி வெளுக்காது. மறைக்கவும் முடியாது.

உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் 1996-ல் இதைப் போலியோ சொட்டு மருந்தில் கொண்டுவந்தன. அதற்கு முன்பு, கரன்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டால், எந்தக் குப்பி கெட்டது, எது நல்லது என்று தெரியாது. சந்தேகத்தில் நல்ல மருந்தும் குப்பைக்குப் போகும். கவனிக்காமல் கெட்டதும் குழந்தை வாய்க்குப் போகும். இந்த ஸ்டிக்கர் இரண்டையும் தடுத்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கிராமத்துக்குப் போகும் செவிலியருக்குத் தைரியம் கொடுத்தது.

இந்தியா அடுத்த கட்டத்துக்கும் போனது. 2015-ல் தொடங்கிய 'ஈவின்' திட்டத்தில், தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ்களில் சிம் கார்டு பொருத்திய வெப்பநிலைக் கருவிகள் மாட்டப்பட்டன. அளவு தாண்டினால், அந்த மையத்தின் பொறுப்பாளர் செல்போனுக்கே எச்சரிக்கை மெசேஜ் போகும். மேலதிகாரி மட்டும் பார்க்கும் ரகசிய ரிப்போர்ட் அல்ல அது.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, தகவல் போய்ச் சேர்வது கடைசிக் கையில் இருப்பவருக்கு. செவிலியர் பார்க்கலாம், விவரம் தெரிந்தால் தாயும் பார்க்கலாம். லாகின், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். இரண்டு, பார்த்ததும் என்ன செய்யணும் என்பதில் குழப்பம் இல்லை. மூன்று, ஸ்டிக்கர் குப்பியோடு தொழிற்சாலையிலேயே பிறக்கிறது, நடுவழியில் அல்ல. உணவுச் சரக்கில் ஒட்டும் டேக்குகளில் இந்த மூன்றும்தான் பெரும்பாலும் இல்லை. சரக்கைவிட ஆயிரம் மடங்கு புத்திசாலியான சிப் இருக்கும். ஆனால், அதன் டேஷ்போர்டு ஒரே ஒரு அலுவலகத்தில் மட்டும் திறக்கும்.

டிரைவர் தலையில் மட்டும் விடியக் கூடாது

'டேக் வந்தா டிரைவருங்க ஏ.சி.யை ஆஃப் பண்ணி டீசல் மிச்சம் பிடிக்கிறது நின்னுடும்' என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் வாதம். அப்படி நடப்பது உண்மைதான். லாரி ஓடாமல் நிற்கும்போதும் குளிரூட்டும் இயந்திரம் டீசல் குடிக்கும். ஆனால், ஏன் ஆஃப் பண்ணுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு டிரிப்புக்கு இவ்வளவுதான் டீசல் காசு என்று முன்பே பேசிக் கொடுத்துவிட்டால், செக்போஸ்ட்டில் ஐந்து மணி நேரம் நின்றாலும், குடோன் வாசலில் இறக்க ஆள் இல்லாமல் பாதி நாள் காத்திருந்தாலும், எரியும் டீசல் டிரைவரின் பேட்டாவில்தான் கைவைக்கும்.

டேக் 'ராத்திரி 2 மணிக்கு 11 டிகிரி' என்று மட்டும்தான் எழுதும். 'குடோன்காரர் கதவைத் திறக்கவில்லை' என்று எழுதாது. காரணத்தைப் பதிவு செய்யாமல் டிகிரியை மட்டும் பதிவு செய்தால், அது வேவு பார்க்கும் கருவியாகிவிடும். சங்கிலியில் யாருக்குப் பேச்சுரிமை குறைவோ, அவர் தலையில் நஷ்டம் இறங்கும். ஒரு பக்கம் டிரைவர், இன்னொரு பக்கம் விவசாயி அல்லது மீனவர்.

ஆனால், பதிவு பொதுவில் இருந்தால் இதே டேக் டிரைவரைக் காப்பாற்றும் சாட்சியாகவும் மாறும். லாரி எப்போது வந்து நின்றது, கதவு எப்போது திறந்தது, ஏற்றும்போதே காய் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்குமே! 'நான் ஏத்துனப்பவே சூடாத்தான் இருந்துச்சு' என்று வாயால் சொல்வதைவிட, போனில் காட்டுவது வலுவானது இல்லையா?

'இதெல்லாம் நம்ம ஊருக்குக் கட்டுப்படியாகுமா?'

நியாயமான கேள்வி. ராயக்கோட்டை மண்டிக்கு இருபது பெட்டி தக்காளி கொண்டுவரும் விவசாயியிடம் போய், 'பெட்டிக்கு ஒரு ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டுங்க' என்றால் சிரிப்பார். சிரிக்கத்தான் வேண்டும். தக்காளி விலை சரியும் நாளில், பறிக்கிற கூலிகூடத் தேறாது. அவருக்கு முதலில் தேவை நிழல், நல்ல பிளாஸ்டிக் கிரேட், நேரத்துக்கு வண்டி. சாதாரணப் படகு மீனவருக்கு முதலில் தேவை, சுத்தமான தண்ணீரில் செய்த ஐஸ் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது.

எல்லாச் சரக்குக்கும் டேக் தேவையில்லை. தடுப்பூசி, இன்சுலின் போன்ற மருந்துகள், ஏற்றுமதி இறால், சூரை மீன், ஐஸ்கிரீம், குளிரில் போகும் காய், பழம், ஓசூர் ரோஜா போன்ற, ஏற்கெனவே குளிர் லாரியில் போகிற சரக்குகளில் இருந்து தொடங்கலாம். இவற்றில் பல நிறுவனங்கள் இப்போதே டேக் வைத்திருக்கின்றன. புதிதாகச் செலவு பண்ணச் சொல்லவில்லை. இருக்கிற பதிவைப் பூட்டி வைக்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

வெளிநாடுகளில் இதற்குச் சட்டம் உண்டு. உறைய வைத்த உணவை ஏற்றிச் செல்லும் வாகனங்களில் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே விதி போட்டது. அமெரிக்காவில் 2016-ல் வந்த உணவுப் போக்குவரத்துச் சுகாதார விதி, சரக்கைப் பெறுபவர் கேட்டால், வழியில் வெப்பநிலையைக் காப்பாற்றியதை லாரி நிறுவனம் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்கிறது. ஏற்றுமதிக்காக இந்த மாதிரி விதிகளுக்குக் கட்டுப்படத் தெரிந்த நிறுவனங்களுக்கு, உள்ளூர்க்காரர்களுக்கும் அதையே செய்து காட்டுவது முடியாத காரியமா என்ன?

என்ன செய்யணும்?

முதலாவது, பதிவு வயலோரத்தில் அல்லது படகுத்துறையில் தொடங்க வேண்டும். ஏற்றும்போதே சரக்கின் உள்வெப்பநிலையை அளந்து, விவசாயி அல்லது மீனவர் முன்னிலையில் ரசீதில் எழுத வேண்டும். இதற்குச் சிப்கூடத் தேவையில்லை. ஊசி முனை கொண்ட ஒரு தெர்மாமீட்டர் போதும். எடை போடும்போது தராசை இரண்டு பேரும் பார்ப்பதில்லையா... அதே நியாயம்தான்.

இரண்டாவது, ரிஜெக்ட் போட்டால் கிராஃபையும் அனுப்ப வேண்டும். 'தரம் சரியில்லை' என்ற ஒற்றை வரிக்குப் பதில், சரக்கு அனுப்பியவர், ஓட்டியவர், வாங்கியவர் மூன்று பேர் போனுக்கும் ஒரே பதிவு போகட்டும். வாட்ஸ்அப்பில் ஒரு படமாக அனுப்புவதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். அதன் பிறகு நஷ்டத்தைப் பங்கு போடுவது பற்றிப் பேசட்டும்.

மூன்றாவது, மக்கள் பணத்துக்கு மக்கள் கணக்கு. பிரதமரின் கிசான் சம்பதா திட்டத்தில் குளிர் சங்கிலி அமைக்க நிறுவனங்களுக்கு மானியம் கிடைக்கிறது. அப்படி மானியம் வாங்கும் கிடங்கும் லாரியும், சரக்குக்குச் சொந்தக்காரருக்கு வெப்பநிலைப் பதிவைக் காட்டியாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது அரசுக்குக் கஷ்டமான வேலை அல்ல. எந்த இடத்தில் சரக்கு அடிக்கடி சூடாகிறது என்று அந்தப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தாலே, அடுத்த பேக் ஹவுஸை எங்கே கட்டணும் என்பதும் தெரிந்துவிடும்.

நான்காவது, டிரைவருக்கான குளிரூட்டும் டீசலைப் பயண டீசலில் இருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு வேண்டும். ஆஃப் பண்ணுவதால் அவருக்கு லாபம் என்ற நிலையை வைத்துக்கொண்டே, ஆஃப் பண்ணாதே என்று அலெர்ட் அனுப்புவதில் பயன் இல்லை.

நீங்க என்ன பார்க்கலாம்?

டேக் உங்கள் கைக்கு வரும்வரை, கண்தான் சென்சார். ஐஸ்கிரீமில் பெரிய ஐஸ் துகள்களும் சாய்ந்த வடிவமும் இருந்தால், இளகி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். உறைய வைத்த பட்டாணி பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். உதிரியாக உருளாமல் ஒரே கட்டியாக இருந்தால், அதே கதைதான். மீன் செவுளின் நிறம், சதையின் உறுதி, வாடை மூன்றையும் பாருங்கள். ஆனால், ஹிஸ்டமின் உருவான மீன் பார்க்க நன்றாகவே இருக்கக்கூடும் என்பதால், ஐஸ் மேலே சும்மா தூவிய கடையைவிட, மீனை ஐஸுக்குள் புதைத்து வைத்திருக்கும் கடையைத் தேடுங்கள். இன்சுலின் போன்ற மருந்து ஆர்டர் செய்தால், குளிர் பேக்கில் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த முறை குளறுபடியான ஒரு டப்பா வந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நிறுத்தாமல், 'இது எந்த இடத்தில் சூடானது?' என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். பதில் வராமல் போகலாம். ஆனால், அதே கேள்வியை நீலகிரியில் ஒரு விவசாயியும், குடோன் வாசலில் ஒரு டிரைவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில், லாரிக்குள் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன டேக்கில் ஏற்கெனவே இருக்கிறது.